செக்குத் தேங்காய் எண்ணெய் இருபது நாள்ல சிக்கு வாடை (கெட்டுப்போன வாடை) அடிக்குது, எங்க தப்பு?

தாராபுரம் தோப்பு:
ரெண்டு ஏக்கர், 140 தென்னை மரம். 45 நாளைக்கு ஒரு வெட்டு, சுமாரா 1,800 காய். காயா வித்தா கட்டுபடியாகலைங்க. இந்தத் தடவை 500 காயை உடைச்சு, நாலு நாள் காயவெச்சு கூலிக்கு ஆட்டினோம். எண்ணெய் கலங்கலாவே நிக்குது, இருபது நாள்ல சிக்கு வாடை. சொந்தமா மரச்செக்கு போட்டா சரியாகுங்களா?

காங்கயம் களம்:
செக்கு மேல தப்பில்லைங்க, தேங்காய்ப் பருப்பு (கொப்பரை) காயலை. பச்சைப் பருப்புல கிட்டத்தட்ட பாதி ஈரம்தான். அது 6 சதவீதத்துக்கு இறங்கணும், அதுக்கு நல்ல வெயில்லயே ஆறேழு நாள் வேணும். முத்தின காயா எடுங்க, இளங்காய்ப் பருப்பு ரப்பர் மாதிரி வளையும். உடைச்ச உடனே தண்ணியை வடிச்சு, வாய் மேல பார்க்கக் களத்துல பரப்புங்க. முதல் ரெண்டு நாள்தான் உசுரு. அப்ப மேகம் போட்டா வழுவழுப்பு ஏறி, பூஞ்சை பிடிச்சிரும். மூணாம் நாள் தொட்டியை (சிரட்டையை) விட்டுப் பருப்பு கழண்டு வரும். நோண்டி எடுத்து மறுபடி காயவையுங்க. ராத்திரி பனி படாம மூடணும், ஆனா சூட்டோட தார்ப்பாய் போட்டு மூடினா உள்ளயே வேர்த்துரும். ஆறவிட்டு மூடுங்க. ஒரு துண்டை ஒடிச்சுப் பாருங்க: 'டக்'னு ஒடியணும், வளைஞ்சா இன்னும் ஈரம் இருக்கு. கந்தகப் புகை போட்ட பருப்பு சமையல் எண்ணெய்க்கு வேண்டவே வேண்டாம்.

செக்கடி:
செக்கு இப்ப வாங்காதீங்க. 1,800 காய்க்கு, காய் அளவைப் பொறுத்து, 220லிருந்து 250 கிலோ பருப்புதான் வரும். ஒரு செக்கு அதை ரெண்டு மூணு நாள்ல ஆட்டி முடிச்சிட்டு மீதி நாப்பது நாள் சும்மா நிக்கும். அந்தப் பணத்துல முதல்ல நல்ல சிமெண்ட் களமும், மழைக்காலத்துக்குச் சின்னதா ஒரு சூரிய உலர்த்தியும் போடுங்க. நூறு கிலோ பருப்புக்கு 60 கிலோ எண்ணெய் பக்கம் கிடைக்கும். லிட்டர் கணக்குல விக்கறவங்க கவனிங்க, ஒரு லிட்டர் 920 கிராம்தான் நிக்கும். புண்ணாக்கைக் கூலிக்காரர்கிட்ட விட்டுட்டு வராதீங்க, அதுவும் காசு. எண்ணெயை எவர்சில்வர் பாத்திரத்துல வெள்ளைத்துணி கட்டி, நாலஞ்சு நாள் வெயில்ல தெளியவிட்டு, அடிக்கசடு கலங்காம மேலாக ஊத்துங்க. கசடுதான் வாடைக்கு அடுத்த காரணம். மார்கழியில எண்ணெய் உறைஞ்சா கசடு நடுவுலயே நின்னுக்கும், அப்ப மதிய வெயில்ல இளகவிட்டுத்தான் வடிக்கணும். பாட்டில்ல ஒரு சொட்டு ஈரம் இருக்கக்கூடாது.

அவல்பூந்துறை:
எண்ணெய் விக்கறதுக்கு முன்னாடி எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு எடுத்துருங்க, சமையல் எண்ணெயைச் சில்லறையா அளந்து ஊத்தி விக்கறது சட்டப்படி தப்பு. எல்லாத்தையும் ஆட்டணும்னு இல்லைங்க. பெருந்துறை, வெள்ளக்கோவில் ஏலத்துல பருப்பு விலை ஏறியிருந்தா அப்படியே போட்டுட்டு, வாடிக்கையாளருக்கு வேணுங்கறதை மட்டும் ஆட்டுங்க.

தாராபுரம் தோப்பு:
புரியுதுங்க. லேசா பச்சைப் பூஞ்சை பிடிச்சதைத் துடைச்சிட்டு ஆட்டலாங்களா?

காங்கயம் களம்:
வேண்டாங்க. துடைச்சாலும் நஞ்சு உள்ள நிக்கும். எண்ணெய்க்கும் வரும், புண்ணாக்கு வழியா மாட்டுப் பாலுக்கும் வரும். பொறுக்கித் தனியா ஒதுக்கிருங்க.