ஷூட்ல ஸ்டீல் வுல் சுத்தணும்ங்குறாங்க, வேற ஐடியா சொல்லுங்க ப்ளீஸ்

மக்களே ஒரு ஹெல்ப். தங்கச்சிக்கு மார்ச்ல ப்ரீ வெட்டிங் ஷூட், தேனி பக்கம் மலையடிவாரத்துல. போட்டோகிராஃபர் தம்பி ஸ்டீல் வுல்ல (மெல்லிசான இரும்புக் கம்பி நாரு) பத்த வச்சு கயித்துல கட்டி சுத்துனா செம எஃபெக்ட் வரும்ங்குறார். அது கம்பியே எரிஞ்சு பொறி பொறியா பறக்குறது, காஞ்ச புல்லுல விழுந்தா அவ்ளோதான், இவளுக்கு வேற நைலான் நெட் லெஹங்கா, பட்டா உருகி தோல்ல ஒட்டிக்கும். 2020ல கலிஃபோர்னியால குழந்தை ஆணா பொண்ணான்னு சொல்ற போட்டோஷூட்ல கொளுத்துன புகைக்குண்டுல இருந்து தீ புடிச்சு 22,000 ஏக்கருக்கு மேல எரிஞ்சுது, அணைக்கப் போன தீயணைப்பு வீரர் ஒருத்தர் இறந்தே போயிட்டார். இதச் சொன்னா "தண்ணி பாட்டில் இருக்குக்கா"ங்குறார். நெருப்பே இல்லாம எல்ஈடி லைட் வச்சு லைட் பெயின்டிங் (இருட்டுல லைட்ட அசைச்சு போட்டோல கோடு கோடா வரைய வைக்கிறது) பண்றவங்க மதுரை, தேனி பக்கம் யாராச்சும் இருக்கீங்களா? சாம்பிள் போட்டோ இருந்தா அனுப்புங்க, மாப்பிள்ளைகிட்டயும் காட்டணும்.