வீட்டில் இருந்தபடி பல்கலைக்கழக நூலகத்தின் ஆய்விதழ்களைப் படிக்க வழி உண்டா?

தேனிப்பையன்:
எல்லாருக்கும் வணக்கம். தமிழ்நாட்டில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் பார்ட் டைம் பிஎச்.டி. செய்கிறேன். தலைப்பு, சுதந்திரத்துக்கு முன்பு வந்த தமிழ்ப் பெண்கள் பத்திரிகைகள். வேலையும் குடும்பமும் தேனியில், பல்கலைக்கழகத்துக்குப் போக வர ஒரு நாள் லீவு போட்டாக வேண்டும், கோர்ஸ் ஒர்க் வகுப்புகூட ஆன்லைனில்தான். அங்கே நூலகத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் சேஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ், கேம்பிரிட்ஜ் போன்ற வெளியீட்டாளர்களின் ஆய்விதழ்கள் எல்லாம் தடையில்லாமல் திறக்கின்றன. வீட்டுக்கு வந்து அதே லிங்க்கைத் தட்டினால் சுருக்கத்தை மட்டும் காட்டிவிட்டு டாலரில் விலை சொல்கிறது. போன் போட்டுக் கேட்டதற்கு "கேம்பஸுக்கு வந்து பாருங்க சார்" என்று வைத்துவிட்டார்கள். நூலகக் கட்டணம் மட்டும் வருஷா வருஷம் தவறாமல் வாங்குகிறார்கள். ஆய்விதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் திட்டம், ஒரே நாடு ஒரே சந்தா என்று பேப்பரில் வந்ததே, அது என்னைப் போன்றவர்களுக்கு உண்டா இல்லையா?

அலமாரி:
நான் கல்லூரி நூலகர். உண்டு, தாராளமாக உண்டு. முதலில் ஏன் திறக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். வெளியீட்டாளரின் தளத்துக்கு நீங்கள் யார் என்று தெரியாது, எந்த ஐபி முகவரியிலிருந்து, அதாவது எந்த இணைய இணைப்பின் எண்ணிலிருந்து வருகிறீர்கள் என்பது மட்டும்தான் தெரியும். கேம்பஸ் இணைப்பின் ஐபி அவர்கள் பட்டியலில் இருக்கும், உங்கள் வீட்டு பிராட்பேண்டும் போன் டேட்டாவும் இருக்காது, அவ்வளவுதான்.

இதற்காகவே காந்திநகரில் இருக்கும், பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் இன்ஃபெட் என்ற ஏற்பாட்டை நடத்துகிறது. பல்கலைக்கழகம் அதில் சேர்ந்திருந்தால் ஒவ்வொரு மாணவருக்கும் தனி ஐடி, பாஸ்வேர்டு கொடுக்கலாம். பிறகு சேஜ் தளத்திலோ கேம்பிரிட்ஜ் தளத்திலோ நிறுவனத்தின் வழியாக உள்ளே போகும் பொத்தானை அழுத்தி, உங்கள் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த ஐடியைப் போட்டால் தேனியிலும் திறக்கும். ஐடி உருவாக்கும் அதிகாரம் உங்கள் நூலகத்தில் இதற்கென்று இருக்கும் பொறுப்பாளரிடம். போனை எடுப்பவருக்கு இது தெரியாமல்கூட இருக்கலாம், அதனால் போன் வேண்டாம். நூலகருக்கு மின்னஞ்சல், நகல் உங்கள் நெறியாளருக்கு. "இன்ஃபெட் கணக்கு வேண்டும்" என்று பெயரைச் சொல்லியே கேளுங்கள். பொதுவாக "ஆன்லைன் வசதி" என்று கேட்டால் பழைய பதில்தான் வரும்.

ஒரே நாடு ஒரே சந்தா 2025 ஜனவரி 1 முதல் நடக்கிறது. 30 வெளியீட்டாளர்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள், மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி. மத்திய, மாநில அரசுகளின் கல்வி நிறுவனங்களுக்கானது, ஆகவே நீங்கள் உள்ளே வருகிறீர்கள். பார்ட் டைம் என்பதால் தள்ளி வைக்கக் காரணமே இல்லை.

கறுப்புமை:
எதுக்கு இவ்வளவு சுற்று? காசு கேட்கும் கட்டுரையை அனுமதியில்லாமல் ஓசியில் தரும் சை-ஹப் சைட்டில் போட்டு எடுங்க ப்ரோ, வேலை முடிஞ்சது.

அலமாரி:
அதன் மேல் 2020இல் வெளியீட்டாளர்கள் டில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள், அது ஒரு பக்கம் இருக்கட்டும். 2021க்குப் பிறகு வந்த கட்டுரைகள் பெரும்பாலும் அங்கே கிடைக்காது. இன்னொன்று, ஐடி கிடைத்ததும் ஒரே ராத்திரியில் இதழ் இதழாக இறக்கி வைக்கும் ஆசை வரும். செய்யாதீர்கள், யாருக்கும் பாஸ்வேர்டும் கொடுக்காதீர்கள். மொத்தமாக இறக்குவது தெரிந்தால் வெளியீட்டாளர் பல்கலைக்கழகம் முழுவதற்கும் அடைத்துவிடுவார், அப்புறம் எல்லாரும் நூலகர் தலையைத்தான் உருட்டுவார்கள்.

வெண்பலகை:
நூலகர் சார் சொன்னது ஆங்கிலக் கட்டுரைகளுக்குச் சரி. ஆனால் தம்பி, உன் தலைப்புக்கு மூலமே பத்திரிகைகள்தானே? ஜகன்மோகினியும் சக்கரவர்த்தினியும் எந்தச் சந்தாவிலும் வராது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தை முதலில் அலசு, பழைய நூல்கள், இதழ்கள் ஸ்கேனாகவே கிடைக்கின்றன, காசில்லை, ஐடி தேவையில்லை. அதில் ஒரே பெயரை ஸ்திரீ, ஸ்த்ரீ என்று மாற்றி மாற்றித் தட்டிப் பார்க்கணும், ஒரு எழுத்து மாறினாலும் வராது. அடுத்தது சென்னைத் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். எந்த இதழ், எந்த வருஷம் என்று அட்டவணையில் பார்த்துவைத்துக்கொண்டு எழுதிக் கேள், நகல் எடுக்கக் கட்டணம் உண்டு. "பெண்கள் பத்திரிகை ஏதாவது அனுப்புங்கள்" என்று எழுதினால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

உன் தலைப்பில் முன்னாடி யார் செய்திருக்கிறார்கள் என்பதற்கு, இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா தளம். தமிழ் ஆய்வேடுகளின் தலைப்பைப் பல இடத்தில் ஆங்கில எழுத்தில் ஏற்றியிருக்கிறார்கள், மனசுக்கு வந்த ஸ்பெல்லிங். தலைப்பால் தேடாமல் பல்கலைக்கழகம், துறை என்று உள்ளே இறங்கிப் பார். அத்தியாயம் அத்தியாயமாகத் தனித்தனி பிடிஎஃப் இருக்கும், கடைசியில் வரும் துணைநூற்பட்டியலை மட்டும் முதலில் இறக்கு. என்னைக் கேட்டால் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

யாழ்ப்பாணத்தான்:
இலங்கைப் பத்திரிகைகளும் தேவையென்றால் 'நூலகம்' என்ற இணையதளத்தைப் பாருங்கோ, 2005இலிருந்து ஈழத்து நூல்கள், பத்திரிகைகள், சிறுசஞ்சிகைகள் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணிப் போடுகிறார்கள். 2020இல் கம்பஸ் மூடினபோது எங்களுக்கு இங்கே இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பால் ஸூம் வகுப்பு டேட்டா செலவில்லாமல் ஓடியது, ஆனால் புத்தகத்துக்கு நாங்கள் பெரும்பாலும் இந்தத் தளத்தில்தான் கிடந்தோம். ஆய்விதழ்க் கட்டுரைகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஜேஸ்டோர் தளத்திலும் சும்மா ஒரு கணக்குத் திறந்து வையுங்கோ. மாதம் 100 கட்டுரை வரைக்கும் திரையில் வாசிக்கலாம், கொரோனா நேரம் கூட்டிவிட்ட எண்ணிக்கை அது. இறக்க ஏலாது, எல்லா இதழும் அதில் இல்லை, அதுவும் உண்மை.

தேனிப்பையன்:
எல்லாருக்கும் நன்றி. நூலகருக்கு மெயில் போட்டாயிற்று, நெறியாளருக்கும் நகல் வைத்திருக்கிறேன். அலமாரி சார், கேம்பிரிட்ஜ் தளத்தில் அந்தப் பொத்தானை இப்போதே அழுத்திப் பார்த்தேன், பட்டியலில் எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது! அப்படியென்றால் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

அலமாரி:
பெரும்பாலும் ஆமாம். அந்தப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே மெயிலுக்குக் கீழேயே அனுப்பிவிடுங்கள். பத்து நாளில் பதில் இல்லையென்றால் பதிவாளர் அலுவலகத்துக்கும் ஒரு நகல்.