அம்மாவுக்குப் பென்ஷன் கிரெடிற் வருகிறது, 150 பவுண்ட் மின்சாரத் தள்ளுபடி மட்டும் ஏன் வரவில்லை?

ஹரோமகன்

எல்லோருக்கும் வணக்கம். வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட், அதாவது குளிர்காலத்தில் மின்சார பில்லில் கழிக்கிற அந்த 150 பவுண்ட் பற்றி விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள், எனக்குத் தலை சுற்றுகிறது.

அம்மாவுக்கு வயது 76, லண்டன் ஹரோவில் எங்களோடுதான் இருக்கிறார். அவருக்குப் பென்ஷன் கிரெடிற் (வருமானம் குறைந்த வயதானவர்களுக்கு அரசாங்கம் நிரப்பிக் கொடுக்கும் காசு) வருகிறது, அதுவும் அதன் முக்கிய பகுதியான கியாரண்டி கிரெடிற்தான், கடிதத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறது. பக்கத்து வீட்டில் யூனிவர்சல் கிரெடிற் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசாங்க உதவி) எடுக்கிற ஒரு குடும்பம், அவர்களுக்கு இந்த வருடம்தான் முதல் தடவையாக 150 பவுண்ட் கிடைத்திருக்கிறது. கடிதம் வந்ததாம், அப்புறம் டிசம்பர் பில்லில் கழிந்துவிட்டதாம், எந்தப் படிவமும் நிரப்பவில்லையாம். எங்களுக்கோ இதுவரை கடிதமே இல்லை. மின்சாரக் கம்பனிக்கு ஃபோன் அடித்தால் "அரசாங்கம் அனுப்பிய பட்டியலில் உங்கள் எக்கவுண்ட் இல்லை" என்கிறார்கள், பென்ஷன் பக்கம் கேட்டால் கம்பனியிடம் கேளுங்கள் என்கிறார்கள். இதற்கு எங்கே விண்ணப்பிப்பது?

கரண்ட், காஸ் இரண்டும் ஒரே கம்பனி. எக்கவுண்ட் என் பெயரில், டைரக்ட் டெபிட்டும் என் வங்கியில் இருந்துதான் போகிறது. அம்மாவுக்கு மூட்டு வலி, அவருடைய அறையில் ஹீற்றர் காலையில் போட்டால் படுக்கும் வரை ஓடும், ஜனவரி பில்லை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

ஆலோசனை மேசை அக்கா

தம்பி, உங்கள் கடைசிப் பந்தியிலேயே பதில் இருக்கிறது. எக்கவுண்ட் உங்கள் பெயரில், கிரெடிற் அம்மாவின் பெயரில், அதனால்தான் வரவில்லை. நான் சனிக்கிழமைகளில் ஒரு சமூக நிலையத்தில் இந்த மாதிரிக் கடிதங்கள் பார்த்துக் கொடுக்கிறேன், எங்கள் ஆட்களிடம் அதிகம் காண்பது இந்தச் சிக்கல்தான், ஏனென்றால் எங்கள் வீடுகளில் வயதானவர்கள் பிள்ளைகளோடு இருக்கிறார்கள், பில் எல்லாம் பிள்ளைகள் பெயரில் இருக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கு விண்ணப்பம் என்று ஒன்று இல்லை. வருடத்தில் ஒரு குறிப்பிட்ட நாளை எடுத்துக்கொள்வார்கள், இந்த 2025-26 குளிர்காலத்துக்கு அது 2025 ஆகஸ்ட் 24. அன்றைக்கு யாருக்கு என்ன பெனிஃபிற் (அரசாங்க உதவிப் பணம்) இருந்தது என்று அதைக் கொடுக்கும் அரசாங்கத் துறையான டிடபிள்யூபி வைத்திருக்கும் விவரத்தையும், அன்றைக்கு மின்சார எக்கவுண்ட் யார் பெயரில் எந்த விலாசத்தில் இருந்தது என்று கம்பனி வைத்திருக்கும் விவரத்தையும் பொருத்திப் பார்ப்பார்கள். இரண்டும் பொருந்தினால் "நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று ஒரு கடிதம் வரும், அப்புறம் மார்ச் முடிவதற்குள் 150 பவுண்ட் எக்கவுண்டில் விழும். அரைகுறையாகப் பொருந்தினால் வேறு விதமான கடிதம் வரும், அதில் ஹெல்ப்லைன் இலக்கம் போட்டு, அதற்கு ஃபோன் எடுத்து உறுதி செய்யச் சொல்லியிருப்பார்கள். அந்தக் கடிதத்தை தயவுசெய்து குப்பைக் கடிதம் என்று எறிந்துவிடாதீர்கள், ஃபோன் எடுக்காமல் விட்டால் காசு வராது. பொருந்தவே இல்லையென்றால் உங்களுக்கு நடந்த மாதிரி, எதுவும் வராது.

பெயர் என்று சொல்லும்போது, பெனிஃபிற் எடுப்பவரின் பெயர், அல்லது அவருடைய கணவன் அல்லது மனைவியின் பெயர், அல்லது அவருக்காக டிடபிள்யூபியில் முறையாகப் பதிந்த பொறுப்பாளரின் பெயர் பில்லில் இருக்க வேண்டும். மகன், மகள், மருமகள் பெயர் கணக்கில் வராது. நீங்கள் அம்மாவின் பொறுப்பாளராகப் பதிந்திருக்கிறீர்களா? அப்படியென்றால் கதை வேறு, உடனே ஹெல்ப்லைனுக்கு எடுங்கள், 2026 பெப்ரவரி முடிவதற்குள் எடுத்துவிட வேண்டும், கையில் ஒரு பில் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்த வருடம் வந்ததற்குக் காரணம் விதி மாறியதுதான். 2022இல் இருந்து போன 2024-25 குளிர்காலம் வரை, கியாரண்டி கிரெடிற் இல்லாத மற்றவர்களுக்கு வீட்டின் அளவு, வயது, வகை எல்லாம் பார்த்துச் சூடாக்கும் செலவு கூடின வீடு என்று கணக்கு வந்தால்தான் கொடுத்தார்கள். சின்னப் புது ஃபிளாட்டில் பிள்ளைகளோடு கஷ்டப்படுகிற எத்தனையோ பேர் அதனால் விடுபட்டுப் போனார்கள், எனக்கு அது கடைசி வரை நியாயமாகவே படவில்லை. இந்த முறை அந்தக் கணக்கை எடுத்துவிட்டு, யூனிவர்சல் கிரெடிற், ஹவுசிங் பெனிஃபிற், பென்ஷன் கிரெடிற் மாதிரி வருமானம் பார்த்துக் கொடுக்கும் உதவி எடுக்கிற எல்லோருக்கும் என்று ஆக்கியிருக்கிறார்கள். கவுன்சில் டாக்ஸ் (உள்ளூர் வீட்டு வரி) குறைப்பு மட்டும் இருந்தால் போதாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று, எங்கள் பெயர்கள். டிடபிள்யூபியில் தகப்பன் பெயர் முன்னுக்கு, மின்சாரக் கம்பனியில் ஒரு எழுத்தும் கணவன் பெயரும், வங்கியில் வேறு ஒரு ஒழுங்கு. கம்பியூட்டருக்கு இது மூன்று வேறு ஆட்கள். பெனிஃபிற் கடிதத்தில் இருக்கிற எழுத்துக்கு எழுத்து அதே மாதிரி கரண்ட் எக்கவுண்டிலும் மாற்றி வைப்பதுதான் நல்லது.

லூசியம் தேவி

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், சாவி போட்டு டொப் அப் செய்கிற பழைய மீற்றர் வைத்திருப்பவர்களுக்காக. ஸ்மார்ட் மீற்றர் என்றால் காசு தானாக மீற்றரில் ஏறும். பழைய மீற்றருக்குக் கம்பனி வவுச்சர் அனுப்பும், தபாலிலோ ஈமெயிலிலோ டெக்ஸ்ற்றிலோ வரும், அதைச் சாவியோடு கடைக்குக் கொண்டுபோய்த்தான் ஏற்ற வேண்டும். அதற்கு ஒரு முடிவுத் திகதி உண்டு. எங்கள் பெரியம்மாவுக்கு வந்த வவுச்சர் பீட்சாக் கடை விளம்பரங்களோடு கதவுக்குப் பின்னால் கிடந்தது, நான் போன நேரத்தில் கண்டபடியால் ஏற்றிக் கொடுத்தேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது, அது காசு என்றே தெரியாது. முடிந்துபோனாலும் கம்பனிக்கு எடுத்து வேறு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். வயதானவர்கள் தனியாக இருக்கிற வீடுகளுக்குப் போகிறவர்கள் அந்தக் கதவடியில் கிடக்கும் கடிதங்களை ஒருக்கால் பாருங்கள்.

ஹரோமகன்

மிக்க நன்றி அக்கா. நான் பொறுப்பாளராகப் பதியவில்லை, அம்மா தன் காரியங்களைத் தானே பார்க்கிறார். அப்படியென்றால் இந்த வருடம் போனதுதானா? இப்போது எக்கவுண்டை அம்மாவின் பெயருக்கு மாற்றினால் பிரயோசனம் உண்டா?

ஒரு உறவினர் வேறு, "மகனோடு இருந்துகொண்டு பென்ஷன் கிரெடிற் எடுப்பதே பிழை, நோண்டினால் அதையும் நிறுத்திவிடுவார்கள்" என்று அம்மாவைப் பயப்படுத்தி வைத்திருக்கிறார். அம்மா இப்போது "அந்தக் காசு வேண்டாம், விடு" என்கிறார்.

ஆலோசனை மேசை அக்கா

அந்த உறவினர் சொன்னது சரியில்லை. அம்மாவைக் கவலைப்படாமல் இருக்கச் சொல்லுங்கள். பென்ஷன் கிரெடிற்றுக்கு அம்மாவின் வருமானமும் சேமிப்பும்தான் கணக்கு, துணை இருந்தால் துணையினுடையதும். வளர்ந்த மகனோடு ஒரே வீட்டில் இருப்பது தடையில்லை, உங்கள் சம்பளத்தை அவருடைய வருமானமாகப் பார்ப்பதில்லை. 2025-26 வருடத்துக்குத் தனி ஆளுக்குக் கிழமைக்கு 227.10 பவுண்ட் வரை நிரப்பிக் கொடுத்தார்கள். இந்தப் பயத்தாலும் வெட்கத்தாலும் எடுக்காமல் இருக்கிற எங்கள் வயதானவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் தாங்குவதில்லை. இந்த 150 பவுண்ட் ஒன்றும் யாரோ போடுகிற பிச்சையும் இல்லை, இதற்கான செலவு நாங்கள் எல்லோரும் கட்டுகிற பில்லில்தான் சேர்க்கப்படுகிறது. இத்தனை வருடம் நீங்கள் கட்டிய பில்லிலும் அது இருந்தது என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

இந்தக் குளிர்காலத்துக்கு, ஓம், போனதுதான், ஆகஸ்ட் 24 அன்று பில்லில் அம்மாவின் பெயர் இல்லை. ஆனால் மாற்றுவதை இப்போதே செய்யுங்கள். அரசு இந்த ஏற்பாட்டைத் தொடர்வதாகச் சொல்லியிருக்கிறது, அடுத்த முறை விவரம் பொருத்திப் பார்க்கிற நாளும் ஆகஸ்ட் பக்கம்தான் வரலாம், ஜூலையில் ஓடிப்பிடிக்க வேண்டாம். முழுக்க அம்மாவின் பெயருக்கு மாற்றத் தேவையில்லை, இருவர் பெயரும் சேர்ந்த எக்கவுண்டாக ஆக்கக் கேளுங்கள். அதற்கு முன் இரண்டு விஷயம் யோசியுங்கள். கூட்டு எக்கவுண்டில் கடன் விழுந்தால் அம்மாவும் அதற்குப் பொறுப்பு, ஆகவே பில் ஒழுங்காகக் கட்டுகிற வீடாக இருக்க வேண்டும். மற்றது, சில கம்பனிகள் பெயர் சேர்க்கும்போது பழைய எக்கவுண்டை மூடிப் புதிதாகத் திறப்பார்கள், உங்களிடம் ஃபிக்ஸ்ட் டீல் (குறிப்பிட்ட காலத்துக்கு மாறாத விலை ஒப்பந்தம்) இருந்தால் அது அப்படியே வருமா என்று முதலே கேட்டு, ஈமெயிலில் எழுதி வாங்குங்கள்.

அந்த 150 வந்தாலும் வங்கிக்கு வராது, மின்சார எக்கவுண்டில் கிரெடிற்றாக நிற்கும். பில்லில் அந்தத் தள்ளுபடி வந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். எக்கவுண்டில் ஏற்கனவே பாக்கி இருந்தால் அது பாக்கிக்குத்தான் போகும். ஒரே கம்பனி என்றபடியால் காஸ் பக்கம் போடச் சொல்லியும் கேட்கலாம், காஸ் ஹீற்றிங் உள்ள வீட்டுக்கு அதுதான் வசதி. டைரக்ட் டெபிட் தொகை தானாகக் குறையாது, கிரெடிற் சேர்ந்து நின்றால் குறைக்கச் சொல்லி நீங்கள்தான் கம்பனிக்கு ஃபோன் எடுக்க வேண்டும்.

அப்புறம், விண்டர் ஃபியூவல் பேமெண்ட் (வயதானவர்களுக்கான குளிர்கால எரிபொருள் உதவி) இதோடு சேர்ந்ததில்லை. அது அம்மாவின் வங்கிக்கே நேரே வரும், 80 வயதுக்குக் கீழே என்றால் 200 பவுண்ட். கரண்ட் பில் யார் பெயரில் என்று அதற்குப் பார்ப்பதில்லை. அது வந்ததா என்று பாருங்கள். கோல்ட் வெதர் பேமெண்ட்டும் அப்படித்தான், உங்கள் பகுதியில் தொடர்ந்து ஏழு நாளின் சராசரி வெப்பநிலை பூச்சியமோ அதற்குக் கீழோ என்றால் 25 பவுண்ட், பென்ஷன் கிரெடிற் இருப்பவருக்குத் தானாக வரும்.

கிளாஸ்கோ அண்ணன்

ஸ்கொட்லாந்தில் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த 2025-26 குளிர்காலத்தில் இங்கே கியாரண்டி கிரெடிற் உள்ளவர்களுக்குத்தான் தானாக வரும். மற்றவர்கள் தங்கள் கம்பனிக்கு விண்ணப்பிக்க வேண்டும், ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு நிபந்தனை, ஒதுக்கிய காசு முடிந்தால் மூடிவிடுவார்கள், ஆகவே திறந்த உடனே போடுங்கள். வட அயர்லாந்துக்கு இந்தத் திட்டமே இல்லை.

கம்பனி மாறியவர்கள் குழம்பத் தேவையில்லை, அந்த ஆகஸ்ட் நாளில் யாரிடம் இருந்தீர்களோ அவர்கள்தான் கொடுக்க வேண்டும்.

ஈஸ்ட்ஹாம் வாடகை

நான் மனைவி பிள்ளையோடு ஒரு வீட்டின் மேல்மாடியில் அறை எடுத்து இருக்கிறேன், யூனிவர்சல் கிரெடிற் உண்டு. கரண்ட் வீட்டுக்காரர் பெயரில், மாதம் ஒரு தொகை தனியாகக் கரண்டுக்கு என்று வாங்குகிறார். எங்களுக்கு ஒரு வழியும் இல்லையா?

ஆலோசனை மேசை அக்கா

தம்பி, பெயர் வீட்டுக்காரருடையது என்றால் இந்த 150 உங்களுக்கு வராது, மிகவும் தேவையான ஆட்கள் இப்படி விடுபடுவதுதான் இந்தத் திட்டத்தில் இருக்கிற பெரிய ஓட்டை. ஆனால் கரண்டுக்கென்று தனியாக வாங்குகிறார் என்று சொன்னீர்கள், அங்கே ஒரு விதி உண்டு. வாங்கிய கரண்டை வாடகைக்காரருக்கு விற்கும்போது வீட்டுக்காரர் தான் கட்டுகிற விலைக்கு மேல் வாங்கக்கூடாது என்று ஒஃப்ஜெம் (கரண்ட், காஸ் கம்பனிகளைக் கண்காணிக்கும் அமைப்பு) விதி வைத்திருக்கிறது. அவருடைய பில்லைக் காட்டச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். வாடகைக்குள்ளேயே சேர்த்திருந்தால் இந்த விதி உதவாது, உங்களுடையது அப்படியில்லை.

கேட்க முன்னர் சிற்றிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை நிறுவனத்தில் ஒருக்கால் பேசுங்கள், வாடகை ஒப்பந்தத்தையும் கொண்டுபோங்கள், தமிழில் பேச வேண்டும் என்றால் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். கவுன்சிலிடமும் குளிர்கால உதவி என்று ஏதாவது திறந்திருக்கிறதா என்று கேளுங்கள், அதற்குப் பில்லில் பெயர் இருக்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் பார்ப்பதில்லை.

ஹரோமகன்

கம்பனிக்கு எடுத்தேன் அக்கா. அம்மாவின் பெயரைச் சேர்க்கலாமாம், ஃபிக்ஸ்ட் டீலும் மாறாதாம், ஈமெயிலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பென்ஷன் கடிதத்தில் இருக்கிற மாதிரியே எழுத்துக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். விண்டர் ஃபியூவல் காசு நவம்பரிலேயே அம்மாவின் வங்கிப் புத்தகத்தில் விழுந்திருக்கிறது, அவர் அது என்ன காசு என்று தெரியாமல் தொடாமல் வைத்திருக்கிறார்.