த்ரில்லர் படத்தின் முதல் மூன்று நிமிடம்: கம்பம்மெட்டு ஜீப்பிலிருந்து தொடங்கலாமா?

கம்பத்து மாணவி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். காட்சித் தொடர்பியல் இறுதியாண்டில் படிக்கும் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு த்ரில்லர் படத்தின் தொடக்கக் காட்சியை மட்டும், பெயர்கள் ஓடும் நேரத்தையும் சேர்த்து, மூன்று நிமிடத்துக்குள் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்தவருக்கு மீதிப் படம் எங்கே என்று கேட்கத் தோன்ற வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசிரியர் வைத்திருக்கும் அளவுகோல்.

கதை நடக்கும் இடத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எங்கள் ஊரிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் பெண்கள் விடியுமுன் ஜீப்புகளில் ஏறி, எல்லையிலுள்ள கம்பம்மெட்டு வழியாக மலையேறி, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் வேலை செய்துவிட்டு மாலையில் இறங்கி வருகிறார்கள். என் அம்மாச்சி இருபது ஆண்டுகளுக்கு மேல் அப்படிப் போய் வந்தவர். அந்த ஜீப் வரும் சத்தத்தைக் கேட்டுத்தான் சிறு வயதில் நான் கண் விழித்திருக்கிறேன். ஆகவே இந்தக் காட்சியைச் சரியாக எடுக்க வேண்டும் என்ற கவலை எனக்கு மதிப்பெண்ணைவிடப் பெரியது.

முதல் திட்டத்தில், நள்ளிரவில் ஏலச்செடிகளுக்கு நடுவே ஒரு பெண் ஓடுகிறாள், கையில் கத்தியோடு ஒருவன் துரத்துகிறான், அவள் விழுகிறாள், திரை இருள்கிறது. இரண்டாவது என்னுடையது. காலையில் ஒரு ஜீப்பில் பன்னிரண்டு பெண்கள் எல்லையைக் கடக்கிறார்கள். மாலையில் அதே ஜீப் திரும்பும்போது சோதனைச் சாவடிக் காவலர் எண்ணிப் பார்க்கிறார். பதினொரு பேர்தான் இருக்கிறார்கள். பக்கத்திலேயே விற்பனை வரி அலுவலர் ஒருவர் ஏலக்காய் மூட்டைக்கு ரசீது கேட்டுக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறேன்.

முதல் நிமிடத்திலேயே ஏதாவது நடக்காவிட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று குழுவில் மூன்று பேர் சொல்கிறார்கள். எங்களிடம் இருப்பவை ஒரு சாதாரண மிரர்லெஸ் கேமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ், ஒரு சிறிய எல்இடி விளக்கு, என் மாமாவின் ஜீப், அக்டோபரில் நான்கு நாட்கள். எந்தத் திட்டத்தை எடுப்பது, எப்படி எடுப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடன் கேட்டுக்கொள்வோம்.

தொகுப்பு மேசை

தங்கைக்கு வணக்கம். பதினைந்து ஆண்டுகளாகப் படத்தொகுப்பில் இருக்கிறேன். துரத்தலைக் கைவிடுங்கள் என்று தயக்கமில்லாமல் சொல்வேன். ஓடுகிறவள் யாரென்று தெரியாதபோது அவள் விழுந்தால் நமக்கு என்ன? பார்ப்பவர் திடுக்கிடலாம், ஆனால் அடுத்த ஷாட்டில் அதை மறந்துவிடுவார். மாணவனாக இருந்தபோது நானும் இரவுத் துரத்தல் ஒன்றை எடுத்தேன். மூன்று இரவுகள் உழைத்து எடுத்ததில் தொகுப்பு மேசைக்கு வந்து சேர்ந்தது, யாருடைய முகமும் தெரியாத நாற்பது விநாடி இருட்டும், அதன்மேல் மொய்த்த புள்ளிகளும்தான். உங்கள் லென்ஸில் 55 மில்லிமீட்டருக்குப் போனால் ஒளி நுழையும் துளை f/5.6 அளவுக்குமேல் திறக்காது, இருட்டில் அதைக் கொண்டு ஓட்டத்தைப் பிடிக்க முடியாது.

ஜீப் காட்சியில் எதுவும் நடக்கவில்லை என்று உங்கள் நண்பர்கள் சொல்வதிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. பன்னிரண்டு பதினொன்றானது என்று காவலர் வாயால் சொல்ல வைக்கிறீர்கள், அது செய்தி. பார்ப்பவர் தானாகக் கண்டுபிடித்தால்தான் அது பதற்றமாகும். எனவே எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். காலையிலும் பன்னிரண்டு, மாலையிலும் பன்னிரண்டு. கணக்கு சரியாக இருக்கட்டும், ஆனால் ஒருத்தி மாறியிருக்கட்டும். முகத்தைக் காட்டாமல் ஒரு பொருளைக் கொண்டு அதைச் சொல்லுங்கள். காலையில் ஒரு தூக்குவாளியை அருகில் காட்டுங்கள். அதன் பிடியில் நீல நிற நைலான் கயிறு சுற்றியிருக்கட்டும், பிடித்திருக்கும் கையில் கண்ணாடி வளையல்கள் இருக்கட்டும். மாலையில் அதே வாளி, அதே நீலக் கயிறு, ஆனால் வளையல் இல்லாத வேறொரு கை. இதை 55இல் எடுக்காமல், 18இல் வைத்துக்கொண்டு கேமராவை வாளிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எடுங்கள். வெளிச்சமும் கிடைக்கும், வாளிக்குப் பின்னால் இருக்கும் மனிதர்களும் தெரிவார்கள்.

திசையையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். மலையேறும் ஜீப் திரையில் இடமிருந்து வலமாகப் போனால், இறங்கும்போது வலமிருந்து இடமாகவே வர வேண்டும். அதைக் காப்பாற்றினால் 'மாலை' என்று எழுத்துப் போட வேண்டிய தேவையே இராது.

பெயர்களுக்கு ஒரு யோசனை. தோட்டத்தில் வேலைக்கு வந்தவர்களின் பெயரைப் பதிவுசெய்யும் நோட்டுப் புத்தகம் இருக்குமல்லவா? நடிகர்கள், கலைஞர்கள் பெயர்களை அந்த நோட்டிலேயே கையால் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராகப் பேனா ஒரு குறி போட்டுக்கொண்டே வரட்டும். கடைசிப் பெயருக்கு நேராகப் பேனா சற்று நின்று, பிறகு அதற்கும் குறி போடட்டும். பெயர் ஓடும் நேரமும் அப்போது கதையாகிவிடும்.

வண்டன்மேட்டு அக்கா

கம்பத்துத் தங்கைக்கு. நான் இடுக்கி மாவட்டத்து வண்டன்மேட்டுப் பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவள். பள்ளி விடுமுறைகளில் அம்மாவோடு காய் எடுக்கப் போயிருக்கிறேன். சினிமா எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் சில திருத்தங்கள் அவசியம்.

வரி அலுவலரை எடுத்துவிடுங்கள். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்த பிறகு எல்லையில் இருந்த வணிகவரிச் சாவடிகள் இல்லாமல் போயின. காவல்துறை, கலால் துறைச் சோதனைகள்தான் இருக்கின்றன. தவிர, காய் எடுக்கப் போன பெண்கள் மாலையில் ஏலக்காய் மூட்டையோடு திரும்பமாட்டார்கள். பறித்த பச்சைக்காய் தோட்டத்திலேயே எடை போடப்பட்டு, உலர்த்துவதற்காக ஸ்டோருக்குப் போய்விடும். ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோதான் தேறும். பிறகு அது புத்தடியிலோ போடியிலோ ஏலத்துக்குப் போகும். காவலரும் ஜீப்பில் இருக்கும் பெண்களை ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டிருக்கமாட்டார், "எங்ஙோட்டா?" (எங்கே போறீங்க?) என்று மலையாளத்தில் கேட்டுவிட்டுக் கையை அசைப்பார், அவ்வளவுதான். ஆள் எண்ணுவது தோட்டத்தில் சூப்பர்வைசரும் ஜீப்பில் ஓட்டுநரும்.

உடையையும் கவனியுங்கள். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் கட்டிய துண்டு, மழை நாளில் இடுப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தூரிலிருந்து தரையை ஒட்டிப் படரும் சரங்களில் காய்க்கிறது. ஆகவே காய் எடுப்பவர் நாள் முழுவதும் குனிந்தோ குத்துக்காலிட்டோதான் இருப்பார். மாலையில் ஜீப்பில் ஏறும்போது ஒவ்வொருவரும் முதலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வார்கள். உங்கள் நடிகைகள் துள்ளி ஏறினால், எங்கள் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

முந்தைய பதிலில் சொன்னபடி ஒருத்தி மாறியிருப்பது எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அதில் ஓர் இடம் இடிக்கிறது. ஜீப்பில் ஒவ்வொருத்திக்கும் உட்காரும் இடம் உண்டு. யாருடைய முழங்கால் யாருடைய முழங்காலில் இடிக்கும் என்பதுவரை ஆண்டுக்கணக்கில் பழகியிருக்கும். முகத்தை எவ்வளவு மூடினாலும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பது வேறொருத்தி என்பது ஜீப் நகருமுன்பே அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். அவர்கள் கவனிக்கவில்லை என்று நீங்கள் எடுத்தால் அது பொய். தெரிந்தும் பதினொரு பேரும் பேசாமல் வருகிறார்கள் என்று எடுங்கள். காலையில் ஒரே சளசளப்பாக இருந்த ஜீப் மாலையில் வாய் திறக்காமல் வரட்டும். எனக்கு நெஞ்சு பதறுவது அந்த இடத்தில்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன். காலையில் சோறோடு கனமாக இருக்கும் தூக்குவாளி மாலையில் காலியாகிவிடும். வளைவுக்கு வளைவு மூடியும் பிடியும் கடகடவென்று ஆடும். அந்தச் சத்தம் இல்லாமல் ஜீப் இறங்கி நான் பார்த்ததில்லை.

ஒலிப்பதிவுக்காரன்

அக்கா சொன்ன கடைசி வரியைப் படித்துவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். பதினொரு வாளிகள் கடகடக்கின்றன, ஒன்று மட்டும் கடகடக்கவில்லை. அதில் சோறு அப்படியே இருக்கிறது. அந்தச் சோற்றைக் கட்டிக்கொண்டு போனவள் மதியம் உண்ணவில்லை. வளையல் மாறிய கையைக் காட்டுவதற்கு முன்பே, காதால் கேட்டே பார்ப்பவருக்கு ஏதோ சரியில்லை என்று தோன்ற வேண்டும்.

இதற்கு ஒலியைத் தனித்தனியாகச் சேகரியுங்கள். ஜீப்பின் டீசல் எஞ்சின் ஓடும்போது பதிவுசெய்த பேச்சும் வாளிச் சத்தமும் பின்னால் எதற்கும் உதவா. எஞ்சினை ஏற்றத்தில் ஒருமுறை, இறக்கத்தில் ஒருமுறை தனியாகப் பதிவுசெய்யுங்கள்; இறக்கத்தில் கீழ் கியரில் எஞ்சின் பிடிக்கும் ஓசையே வேறு. காலி வாளியையும் சோறு நிறைந்த வாளியையும் ஓர் அறைக்குள் ஆட்டிப் பதிவுசெய்யுங்கள். அரிசியையோ மணலையோ போட்டு ஏமாற்றாமல் உண்மையான சோற்றையே போடுங்கள், ஓசையில் வேறுபாடு தெரியும். படமெடுக்கும் ஒவ்வோர் இடத்திலும் எல்லோரையும் பேசாமல் நிறுத்திவைத்து ஒரு நிமிடச் சூழல் ஒலி எடுத்துக்கொள்ளுங்கள். மெட்டில் காற்று பலமாக அடிக்கும். மைக்குக்கு ரோமம் வைத்த காற்றுத் தடுப்பு இல்லாமல் போகாதீர்கள். பின்னணி இசை எதுவும் வேண்டாம் என்பது என் கருத்து.

பாதுகாப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. பன்னிரண்டு பேரையும் கேமராவையும் ஏற்றிக்கொண்டு, விடியுமுன், கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பை ஓட்டவே கூடாது. அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ஜீப்புகள் மலைச்சாலையில் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. ஜீப்பை வீட்டு முற்றத்தில் நிறுத்திவைத்தே உட்காட்சி முழுவதையும் எடுத்துவிடலாம். படுதாவை இறக்கிக் கட்டி, சுற்றிலும் இருட்டாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் பின் பம்பரில் பலகையை வைத்து அழுத்தி அழுத்தி விட்டால் வண்டி குலுங்கும். இன்னொருவர் எல்இடி விளக்கை முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக வண்டியை ஒட்டி வேகமாகக் கொண்டுபோனால், எதிரே ஒரு லாரி கடந்துபோனதாகவே தோன்றும். பெண்கள் எல்லோரும் வளைவில் ஒரே பக்கம் சாய வேண்டும். அதற்கு மட்டும் ஒத்திகை பாருங்கள். வெளியே ஜீப் போகும் ஷாட்டுகளை ஓட்டுநர் மட்டும் இருக்க, தூரத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

தொகுப்பு மேசை

மேலே உள்ளவற்றோடு இரண்டே குறிப்புகள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், குழல் விளக்கு எரியும் எந்த இடத்திலும் விநாடிக்கு 25 சட்டகம், ஷட்டர் 1/50 என்று வைத்துக்கொண்டால் திரையில் ஒளி துடிக்காது. கதிரவன் எழுவதற்கு முன் கிடைக்கும் நீல வெளிச்சம் நம் பகுதியில் இருபது நிமிடத்தைச் சற்றுத்தான் தாண்டும். ஆகவே ஒரு காலைக்கு ஒரே ஒரு வெளிப்புற ஷாட் என்று திட்டமிடுங்கள். நான்கு நாட்களில் நான்கு ஷாட்டுகள், அது போதும். சாலையோரக் காப்புக்காட்டில் இறங்கி எடுப்பதானால் வனத்துறையின் எழுத்துமூல அனுமதி வேண்டும். எல்லைச் சாவடியை எடுப்பதானால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிடுங்கள். அதற்கு நேரம் இல்லையென்றால் சாவடியைக் காட்டவே வேண்டாம். படுதாவின் இடுக்கில் விழும் டார்ச் வெளிச்சமும், மலையாளத்தில் ஒரு குரலும் இருந்தால் எல்லை வந்துவிட்டது.

கம்பத்து மாணவி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு இந்தப் பதில்களைக் குழுவினருக்கு வாசித்துக் காட்டினேன். துரத்தல் வேண்டும் என்று சொன்னவர்களில் ஒருவன், சோறு நிறைந்த வாளியைப் பற்றிக் கேட்டதும் தன் காகிதத்தைத் தானே மடித்து வைத்துவிட்டான்.

அம்மாச்சியிடமும் கேட்டேன். பக்கத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தால் நீங்கள் பேசாமல் வருவீர்களா என்றேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "மறுநாள் வேலைக்குப் போகணும்னா பேசாமத்தான் வருவோம்" என்றார். அந்த வாக்கியத்தைப் படத்தில் யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் பதினொரு பேரையும் நடிக்க வைக்கும்போது அதை அவர்களுக்குச் சொல்லிவிடுவேன்.

காட்சி இப்போது இப்படி அமைந்திருக்கிறது. காலையில் ஜீப்பின் சளசளப்பு, நீலக் கயிறு சுற்றிய வாளி, படுதா இடுக்கில் டார்ச் வெளிச்சம், "எங்ஙோட்டா?" என்ற குரல். பிறகு நோட்டில் பெயர்கள், குறிகள், கடைசியில் தயங்கும் பேனா. மாலையில் ஓட்டுநர் எண்ணுகிறார், பன்னிரண்டு. அதே குரல், அதே கேள்வி. இம்முறை உள்ளே யாரும் அசையவில்லை. ஜீப் இறங்குகிறது, வாளிகள் கடகடக்கின்றன, கேமரா அந்த ஒரு வாளியிடம் போய் நிற்கிறது. ஒரே ஒரு ஐயம் மிச்சமிருக்கிறது: கடைசியில் அந்த வாளியின் மூடியைத் திறந்து சோற்றைக் காட்ட வேண்டுமா?

வண்டன்மேட்டு அக்கா

காட்ட வேண்டாம் தங்கை. அந்த வாளியைச் சுமந்து வருபவளுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. வளைவில் வண்டி சாயும்போது அதன் கனம் தன் மடியில் இறங்குவதை அவள் உணர்ந்து, மூடியின் மேல் கையை வைத்து அழுத்திக்கொள்ளட்டும். அதைப் பக்கத்தில் இருப்பவள் ஓரக்கண்ணால் பார்க்கட்டும்.