புதுப்பிப்பு: பெண்டில்டன் எண்ணெய்க் கப்பலின் விரிசல் பதிவு கிடைத்துவிட்டது

1952 பிப்ரவரி 18 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரையிலுள்ள கேப் காட் அருகே இரண்டாகப் பிளந்த பெண்டில்டன் கப்பலில் அதற்கு முன்பே விரிசல் இருந்ததா, இருந்தால் அது எந்த ஆவணத்தில் பதிவாகியிருக்கும் என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

நான் முதலில் புரட்டிய ஆண்டுக் கப்பல் பதிவேடுகளில் வகைப்பாட்டுக் குறியீடு, கட்டிய தளம், டன் அளவு ஆகியவைதாம் இருந்தன. பழுதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. விபத்துக்குப் பின் அமெரிக்கக் கடலோரக் காவல்படை வெளியிட்ட விசாரணை அறிக்கையைப் பார்க்கச் சொன்ன யோசனையே பலித்தது. ஓரிகன் மாநிலப் போர்ட்லாந்தின் கைசர் கப்பல் கட்டும் தளத்தில் 1944-இல் கட்டப்பட்ட இந்த டி2 வகைக் கப்பலில் (இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒரே மாதிரியாக ஏராளமாகக் கட்டப்பட்ட எண்ணெய்க் கப்பல் வகை), நான்காம் எண் வலப்புறத் தொட்டிக்கும் நடுத்தொட்டிக்கும் இடையிலான தடுப்புச் சுவரில், 1951 ஜனவரியிலேயே மூன்று திசைகளில் பிரிந்த விரிசல் கண்டிருக்கிறது; அது கடைசிவரை சரிசெய்யப்படவில்லை.

நான் சற்றும் எதிர்பாராதது வேறொன்று: 1952 ஜனவரி 9 அன்று, அதாவது உடைவதற்குச் சரியாக 40 நாள் முன்பு, ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் நடந்த கடலோரக் காவல்படை ஆய்வில் கப்பல் தேறியிருக்கிறது.

தேடுவோர் கவனத்துக்கு: அதே நாளில் அதே கடற்பகுதியில் உடைந்த ஃபோர்ட் மெர்சரும் டி2 கப்பல்தான் என்பதால், இரண்டின் குறிப்புகளும் எளிதில் கலந்துவிடும். நானே ஒரு மாலைப்பொழுதை அப்படி வீணாக்கினேன்.