கலைச்சொல் வேண்டும்: எஃபெக்ட்ஸ் பெடல், மல்டி எஃபெக்ட்ஸ் பிராசஸர்

குழுவினருக்கு வணக்கம்.

கிட்டார் கற்பவர்களுக்கான கையேட்டில் ஓர் இயல், மின்கிட்டாரின் ஒலியை மாற்றும் எஃபெக்ட்ஸ் பெடல்களைத் தனித்தனியே வாங்குவதா, எல்லாம் அடங்கிய மல்டி எஃபெக்ட்ஸ் ஒன்றை வாங்குவதா என்பது பற்றியது. இரண்டுக்கும் தமிழ்ச்சொல் தேவை. கைவசம் 'விளைவு மிதி', 'பல்விளைவுச் செயலி' இருக்கின்றன. இரண்டும் ஒட்டவில்லை. 'செயலி' என்றால் இன்று யாருக்கும் கைபேசிதான் நினைவுக்கு வரும். கிட்டார் ஒலியை மாற்றும் கைபேசிச் செயலிகளும் இருப்பதால் அந்தச் சொல் இங்கே ஆகாது.

———

> விளைவு மிதி

வணக்கம். ஆங்கிலத்தில் பெடல் என்ற ஒரே சொல் மூன்று பொருள்களுக்கு வேலை செய்கிறது: காலால் அழுத்தும் சுவிட்ச், அது பதித்த உலோகப் பெட்டி, வா-வா பெடலில் முன்னும் பின்னும் சாயும் பலகை. அவற்றை மிதிவிசை, மிதிப்பெட்டி, சாய்மிதி என்று பிரித்துக்கொள்ளலாம். சுருதிப்பெட்டி, ஆர்மோனியப் பெட்டி என்று நமக்குப் பழகிய வரிசையில் மிதிப்பெட்டியும் இயல்பாக வந்து சேரும். 'விளைவு' வேண்டியதில்லை.

மல்டி எஃபெக்ட்ஸுக்கு அஞ்சறைப்பெட்டியை ஒட்டிப் 'பல்லறைப்பெட்டி' என்று வைக்கலாமா?

———

மிதிப்பெட்டிக்கு முழு ஆதரவு. பல்லறைப்பெட்டியை மட்டும் ஏற்க முடியவில்லை, ஐயா. அஞ்சறைப்பெட்டியில் கடுகு தீர்ந்தாலும் சீரகம் அப்படியே இருக்கும். மல்டி எஃபெக்ட்ஸில் அறைகளே இல்லை. உள்ளே ஒன்றிரண்டு சிப்புகள்தான் எல்லாக் கணக்கையும் போடுகின்றன. கூடத்து முழக்கம் தரும் ரிவெர்பும், ஆம்ப்ளிஃபயரைப் போல ஒலிக்கவைக்கும் ஆம்ப் மாடலும் கணக்கில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டால் அடுத்ததற்கு இடமிருக்காது. லைன் 6 ஹீலிக்ஸ் என்ற மல்டி எஃபெக்ட்ஸில் அப்போது இடம் போதாத மாடல்கள் பட்டியலில் மங்கித் தெரியும், தேர்ந்தெடுக்க முடியாது. பல கருவிகளில் ஒரு பாட்டின் அமைப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது டிலேயின் எதிரொலி பட்டென்று அறுந்துபோவதும் இதனால்தான். பழைய கணக்கை நிறுத்திவிட்டுத்தான் புதியதைத் தொடங்குகிறது. அடாப்டர் போனால் எல்லாமே போய்விடும்.

மிதிப்பெட்டிகளில் நிலைமை நேர் எதிர். ஒவ்வொன்றும் தனிச் சுற்று, தனி மின்தேவை. பெரும்பாலானவற்றுக்கு 9 வோல்ட், 2.1 மி.மீ. பிளக், நடுமுனை நெகட்டிவ். ஒலியைக் கரகரக்க வைக்கும் பழைய வகை ஓவர்டிரைவுக்கு 10 மில்லி ஆம்பியர் அளவே போதும். டிஜிட்டல் ரிவெர்ப் சிலவற்றுக்கு 300 வரை வேண்டும். இரண்டையும் ஒரே அடாப்டரில் கிளை வயர் போட்டுக் கோத்தால் டிஜிட்டல் பெட்டியின் கீச்சொலி ஓவர்டிரைவில் ஏறி, அங்கே பலமடங்கு பெருகிக் கேட்கும். ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியே பிரித்த மின்வழங்கிதான் தீர்வு. அதன் விலையையும், இடையிணைப்பு வயர்களின் விலையையும் சேர்க்காமல் 'மூன்று பெட்டி போதும், மலிவு' என்று கையேட்டில் எழுதிவிடாதீர்கள்.

1966-இல் வந்த ஃபஸ் ஃபேஸ் போன்ற, ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் கொண்ட ஃபஸ் (கடும் கரகரப்பு) பெட்டிகளுக்குத் தனி எச்சரிக்கை தேவை. அவற்றில் பல பாசிட்டிவ் முனையை நிலமாகக் (கிரவுண்ட்) கொண்டவை. மற்ற பெட்டிகளோடு ஒரே கிளை வயரில் மாட்டினால் ஷார்ட் ஆகும். உள்ளீட்டு மின்தடையும் மிகக் குறைவு என்பதால் கிட்டாருக்கு அடுத்து முதலாவதாக வைக்க வேண்டும். முன்னால் பஃபர் (சிக்னல் மழுங்காமல் காக்கும் சுற்று) வந்தால் ஒலி கரகரத்து மெலியும், கிட்டாரின் வால்யூமைக் குறைத்து ஒலியைத் தெளிவாக்கும் வசதியும் போய்விடும்.

என் பரிந்துரை: கதம்பப்பெட்டி. பல பூக்கள், ஒரே நார். நார் அறுந்தால் எல்லாம் உதிரும்.

———

முதலில் 'தொகைப்பெட்டி' எழுதி வைத்திருந்தேன், எட்டுத்தொகை நினைவில். ஆனால் கடைக்காரரிடம் சொன்னால் கல்லாப்பெட்டியைக் காட்டுவார். கதம்பப்பெட்டியே நன்று. தொடுக்கும் வரிசை முக்கியம் என்பதையும் அது சொல்லிவிடுகிறது: வா-வா, ஓவர்டிரைவ், கோரஸ் (பல கிட்டார் சேர்ந்தாற்போன்ற ஒலி), டிலே, ரிவெர்ப். டிலேயை ஓவர்டிரைவுக்கு முன்னால் வைத்தால் ஒவ்வோர் எதிரொலியும் சேர்ந்து கரகரத்துக் குழம்பும்.

இன்னும் இரண்டு சொற்கள். டிஸ்டார்ஷனுக்குத் 'திரிபு'. புணர்ச்சியில் தோன்றல், திரிதல், கெடுதல் என்று படித்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். எதிரொலி தோன்றல், டிஸ்டார்ஷன் திரிதல், இரைச்சலை அடக்கும் நாய்ஸ் கேட் கெடுதல். பெட்டியை அணைத்ததும் சிக்னல் அதைக் கடந்து போகும் பைபாஸுக்குப் 'புறவழி', சாலைக்கு ஏற்கெனவே வழங்குகிற சொல். சிக்னல் உள்ளே எந்தச் சுற்றையும் தொடாமல் போகும் ட்ரூ பைபாஸை 'முழுப் புறவழி' எனலாம். எல்லாப் பெட்டியும் முழுப் புறவழியாக இருந்தால் எல்லாவற்றையும் அணைத்தபின் கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் இடையே வெறும் வயர்தான். வயரின் மின்தேக்கம் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோ ஃபாரட் என்றால் 10 மீட்டருக்கு 1000. உச்ச ஒலி மழுங்குவது காதுக்கே தெரியும். வரிசையில் ஒரு பஃபராவது இருக்கட்டும், ஃபஸ்ஸுக்குப் பின்னால்.

———

நன்றி. இயலில் இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

"இரண்டு மூன்று ஒலிகளே போதும், வாசிக்கும்போதே குமிழைத் திருகி மாற்ற வேண்டும் என்பவர் மிதிப்பெட்டிகளை வாங்கலாம். ஒன்று பழுதானால் அதை மட்டும் கழற்றிவிட்டுக் கச்சேரியைத் தொடரலாம். மெல்லிசைக் குழுவில் பாட்டுக்குப் பாட்டு ஒலி மாற வேண்டியவருக்குக் கதம்பப்பெட்டி. ஒரே மிதியில் திரிபு அணைந்து, கோரஸ் ஏறி, டிலேயின் வேகமும் மாறும். வாங்குமுன் பார்க்க வேண்டியது: ஒலியை வெளியே அனுப்பித் திரும்ப வாங்கும் சென்ட், ரிட்டர்ன் வாய்கள் உண்டா? இருந்தால் விருப்பமான திரிபு மிதிப்பெட்டி ஒன்றை அதன் நடுவிலேயே கோக்கலாம்."

ஒரு சொல் பாக்கி. கதம்பப்பெட்டியைக் கிட்டார் ஆம்ப்பில் மாட்டி, ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கேபினெட் சிமுலேஷனை (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் வசதி) அணைக்க மறந்தவர்கள். ஸ்பீக்கரின் தன்மை இருமுறை ஏறிவிடுகிறது. மிக்ஸருக்கு நேரே போகும்போது மட்டுமே அது வேண்டும். இதற்குப் 'போலிக்கூடு' என்று வைத்தால் 'போலி' தரக்குறைவாகத் தொனிக்கிறது. 'கூட்டுச்சாயல்' என்றால் கூட்டு வேறு பொருள் தருகிறது. 'பெட்டிச்சாயல்' என்றால் மிதிப்பெட்டியோடு மோதுகிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.