காசு எவ்வளவு வந்தா நிம்மதி? ரப்பர், கடல், வெளிநாட்டுக் காசு

வேளிமலை: ஒரு அளவுக்கு மேல காசு வந்தா சந்தோஷம் கூடாதுங்கிறது என் கட்சி. கானமேன், டீட்டன்னு ரெண்டு ஆய்வாளருங்க 2010-ல எழுதினது அதான்: அமெரிக்காவுல வருஷ வருமானம் 75,000 டாலர் சுமாரைத் தாண்டினதும் அன்றாட மனநிலை மேல ஏறல. இங்க குமரி மாவட்டத்துலயும் வளைகுடா காசுல மூணு மாடி எழும்புது, மேல ரெண்டு மாடி பூட்டிக் கெடக்கு.

முட்டம் அலை: பாதியை மட்டும் சொல்லாதீங்க அண்ணாச்சி. "உங்க வாழ்க்கைக்கு எத்தனை மார்க்?"னு அதே ஆய்வுல கேட்டதுக்கு வந்த பதில், வருமானத்தோட ஏறிக்கிட்டேதான் போச்சு. 2021-ல கில்லிங்ஸ்வொர்த்னு இன்னொரு ஆய்வாளர் செல்போன்ல அப்பப்ப மனநிலையைக் கேட்டு வாங்கினாரு. 75,000-ல ஒண்ணும் நிக்கல. அப்புறம் அவரும் கானமேனும் சேர்ந்தே 2023-ல எழுதினாங்க: பெரும்பாலானவங்களுக்கு ஏறுது, மனசு ரொம்ப வாடிக் கெடக்கிற அஞ்சுல ஒரு பங்குக்குத்தான் 1,00,000 டாலர் சுமாருல நிக்குது. ஆனா ஏத்தம் விகிதக் கணக்கு. 20,000 சம்பளம் 40,000 ஆனா கிடைக்கிற அதே ஏத்தத்துக்கு, 2 லட்சக்காரருக்கு 4 லட்சம் ஆகணும்.

சிரட்டைப்பால்: ரெண்டு பேரும் தொகையிலயே நிக்கியீங்க. காசு எந்த மாசம் வருதுன்னு பாருங்க மக்கா. ரப்பர் பால்வெட்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள். இலை உதிர்ந்து தளிர் வர்ற மாசங்கள்ல வெட்டு நிக்கும். மழை நமக்கு ரெண்டு பருவம். பட்டை நனைஞ்சா பால் கோட்டுல நிக்காம மரத்தோட வழிஞ்சுரும், பிளாஸ்டிக் காப்பு கட்டாத தோட்டத்துல அன்னைக்குக் கூலி இல்ல. கை முட்டுதுன்னு தினமும் வெட்டினா பட்டை காய்ஞ்சு பாலே வராம நிக்கும். ஆழமா வெட்டினா கத்தி கட்டையில பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமா வளரும். திரும்ப அந்தப் பக்கம் வெட்ட முடியாது. கடல்லயும் இதே கதைதான், மேற்குக் கரையில விசைப்படகுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை.

முட்டம் அலை: இதுக்கும் சந்தோஷத்துக்கும் என்ன?

சிரட்டைப்பால்: நம்ம தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளை வச்சே 2013-ல ஆய்வு வந்திருக்கு. அறுவடைக்கு முன்னால கை வறண்டு கெடக்கும்போது யோசனைச் சோதனையில மார்க் குறைவு. காசு வந்தபிறகு அதே ஆளுக்கு மார்க் கூடுது.

வேளிமலை: ரெண்டாவது தடவை எழுதினா பழக்கத்துல கூடாதா?

சிரட்டைப்பால்: அதுக்குத்தான் கொஞ்ச பேரை அறுவடைக்கு அப்புறம் மட்டும் சோதிச்சாங்க. அதனால வெட்டு இல்லாத மாசத்துல கை வறளாம இருக்கக் கணக்கு போடுவோம். மாசச் செலவு 18,000, வெட்டு இல்லாத மாசம் 3-னா 54,000 வேணும். மிச்ச 9 மாசமும் 6,000 வீதம், ஏடிஎம் கார்டு வாங்காத தனிக் கணக்குல போடணும். இந்த இடத்துல சீட்டு உதவாது. 20 பேர், மாசம் 5,000, 1 லட்சம் சீட்டை அவசரத்துக்கு 25,000 கழிவு தள்ளி எடுத்தா கையில 75,000-தான். கழிவு கொஞ்சம் திரும்பி வந்தாலும் தவணை கடைசி மாசம் வரைக்கும் உண்டு.

முட்டம் அலை: 18,000 செலவு போக 6,000 மிஞ்சணும்னா 24,000 வரணும்லா? 18,000-தான் வருதுன்னா எதைப் போட? அப்ப முதல்ல தொகைதானே!

சிரட்டைப்பால்: 24,000 வராத வீட்டுக்கு நீங்க சொல்றது சரிதான். அங்க முதல்ல பாக்க வேண்டியது வட்டி. 50,000-க்கு மூணு வட்டின்னா மாசம் 1,500 போகும், அசல் அப்படியே நிக்கும். வருஷம் 12 சதவீதத்துல நகைக்கடன் எடுத்து அதை அடைச்சா மாசம் 500. மிஞ்சுற 1,000-ல இருந்து அந்தத் தனிக் கணக்கைத் தொடங்கலாம்.

வேளிமலை: நகை கல்யாணத்துக்குன்னு லாக்கர்ல கெடக்கும், மூணு வட்டி இங்க ஓடிக்கிட்டிருக்கும். அடகு வச்சது சொந்தக்காரங்களுக்குத் தெரிஞ்சா மானம் போயிருமாம்.

முட்டம் அலை: நகையே இல்லாத வீடு?

சிரட்டைப்பால்: மகளிர் குழுக் கடன் பாக்கலாம். தவணை வாராவாரமா மாசாமாசமான்னு கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுங்க. வாரத்தவணை மழை மாசத்துல கழுத்தை நெரிக்கும்.